ரூபி சாக்லேட் பற்றிக் கேட்டவர்களுக்கு

கும்பகோணத்தில் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கிறேன். போன வாரம் ரூபி சாக்லேட்டில் முக்கிய எள்ளுருண்டையின் படத்தைப் போட்டாலும் போட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

திருவாரூர் தங்கை: அக்கா, அந்த ரோஸ் கலர் சாயம்தானே?

சாயம் இல்லை. கோகோ கொட்டை பச்சையாக இருக்கும்போது உள்ளே ஊதா நிறம்தான். புளிக்க வைத்து, காயவைத்து, வறுக்கும்போதுதான் பழுப்பாகிறது. அந்த ஊதா போகாமல் காப்பாற்றி, அமிலத்தால் சிவக்க வைத்தது ரூபி. பாரி காலபோ என்ற நிறுவனம் 2017 செப்டம்பரில் ஷாங்காயில் இதை அறிமுகம் செய்தது. டார்க், மில்க், ஒயிட் ஆகியவற்றுக்கு அடுத்த நாலாவது சாக்லேட் என்று சொல்லி விற்றார்கள். 2018 ஜனவரியிலேயே ஜப்பானில் கிட்கேட்டாக வந்துவிட்டது.

மன்னார்குடி அண்ணி: ருசி எப்படி இருக்கும்? ஸ்ட்ராபெரி மாதிரியா?

பழம் எதுவும் சேர்ப்பதில்லை, ஆனாலும் பழப்புளிப்பு தெரியும். ஒயிட் சாக்லேட்டில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உறையைத் திருப்பிப் பார்த்தால் சிட்ரிக் அமிலம் என்று போட்டிருக்கும். அதனால் புளிப்பு முழுக்கக் கொட்டையிலிருந்தே வருகிறது என்று நான் நம்பவில்லை. கோகோவின் கசப்பை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

பட்டுக்கோட்டை தம்பி: எங்க தென்னந்தோப்புல ஊடுபயிரா கோகோ நிக்குது. நாமளே ரூபி பண்ணலாமா?

ஆசை நியாயம்தான், ஆனால் வேண்டாம். வழக்கமாகக் கொட்டையை ஐந்தாறு நாள் புளிக்க வைப்பீர்கள். ரூபி மாதிரி நிறம் வேண்டுமென்றால் புளிக்கவே விடக்கூடாது, அல்லது மூன்று நாளுக்குள் நிறுத்த வேண்டும். 2009-இல் பாரி காலபோ நிறுவனத்தார் விண்ணப்பித்த காப்புரிமையில் இதைத்தான் சொல்கிறார்கள். அதற்கு மேல் அமிலப் பக்குவமும் இருக்கிறது. செய்முறை முழுவதையும் அவர்கள் வெளியே சொல்வதில்லை. வீட்டில் முயன்றால் மிஞ்சுவது வாழைப்பூக் கறை மாதிரியான துவர்ப்புதான். நன்றாகப் புளிக்க வைத்த கொட்டைக்குத்தான் மதிப்பு.

மயிலாடுதுறை, கேக் வியாபாரம்: மாவுல கலந்து சுட்டேன். சாம்பல் கலர்ல வந்துடுச்சு. பழைய சரக்கா?

சரக்கின் மேல் தப்பில்லை, பேக்கிங் சோடா செய்த வேலை. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதல்லவா, அதே சங்கதிதான், இங்கே தலைகீழாக. காரம் பட்டால் ரூபி சாம்பலாகும், புளிப்பு பட்டால் சிவப்பு நிற்கும். கிரீம் சேர்த்தால்கூட மங்கும். கனாஷ், அதாவது சாக்லேட்டும் கிரீமும் கலந்த குழம்பு, செய்வதாக இருந்தால் சில துளி எலுமிச்சைச் சாறு விடுங்கள். அல்லது சுட்டு ஆறிய கேக்கின் மேல் உருக்கி ஊற்றுங்கள். சூடு, தண்ணீர், வெளிச்சம் மூன்றுமே இதற்கு ஆகாது. கண்ணாடி ஜாடியில் ஜன்னலோரம் அழகுக்கு வைத்த என் துண்டுகள் சில வாரத்திலேயே வெளிறிப்போயின.

தஞ்சாவூர் அக்கா: நம்ம பலகாரத்தோட சேருமா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். எள்ளுருண்டைக்கு முதல் இடம். எள்ளின் லேசான கசப்பும் வெல்லமும் இந்தப் புளிப்போடு நன்றாகப் பேசும். கடலை மிட்டாயின் அடிப்பக்கத்தை மட்டும் முக்கி எடுக்கலாம். வறுத்த முந்திரியில் இரண்டு கல் உப்போடு, பிரமாதம். தேங்காய் பர்பி ஈரமில்லாமல் இறுகியிருந்தால் சரி. பாதுஷாவில் முயன்றேன், திகட்டல். வெட்டிய பழத்தில் முக்கினால் அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும்.

உருக்கும்போது 45 டிகிரியைத் தாண்டாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கை உருக்கி, மீதியைத் துண்டு துண்டாகப் போட்டுக் கிளறி ஆறவிடுங்கள். 29 டிகிரி அளவில் முக்கினால் பளபளப்பாக இறுகும். கத்திரி வெயிலில் நம் அடுப்படியே 35-ஐத் தாண்டிவிடுகிறது. கோகோ வெண்ணெய் 34 டிகிரி அளவிலேயே உருகிவிடும். நான் விடிகாலை நாலரைக்கு ஏசி அறையில் உட்கார்ந்துவிடுவேன்.

திருத்துறைப்பூண்டி: ஒயிட் சாக்லேட்ல பீட்ரூட் சாறு விட்டா போதாதா?

சாறு விழுந்த நிமிடமே திரிதிரியாக இறுகிவிடும். அப்புறம் ஒன்று, கடையில் ரோஸ் கட்டியை மலிவாகக் கொடுத்தால் உறையைப் படியுங்கள். கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு என்றிருந்தால் அது வெறும் சாயம் போட்ட காம்பவுண்டு சாக்லேட்.

கும்பகோணம், பக்கத்துத் தெரு: சர்க்கரை நோயாளி சாப்பிடலாமா?

சர்க்கரை நிறைய இருக்கிறது மாமா. வேண்டாம்.

நாகப்பட்டினம்: சென்னையில வளைகாப்பு, நூறு பீஸ் கொண்டு போகணும். தாங்குமா?

பகல் பேருந்தில் தாங்காது. காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கி, தஞ்சாவூரிலிருந்து ராத்திரி கிளம்பும் உழவன் எக்ஸ்பிரஸில் ஏசி பெட்டியில் போங்கள். அங்கே ஃப்ரிட்ஜில் வைத்தால், வெளியே எடுத்த உடனே மூடியைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் டப்பா அப்படியே இருக்கட்டும். இல்லையென்றால் வேர்த்து வெள்ளை பூத்துவிடும்.