மூன்றாவது நட்சத்திரம் ஏன் தப்பிப்போகிறது?

கேள்வி: எனக்கு 44 வயது. உப்புவெளியில் இருக்கிறோம். மகன் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது விட்டுச்சென்ற பழைய மடிக்கணினியில், இரவு வேலை முடிந்ததும் கொஞ்ச நேரம் விளையாடுவேன். டைனர் டேஷ், ஃபார்ம் ஃப்ரென்ஸி, ஹெர்குலிஸ் வீதி போடும் விளையாட்டு மூன்றும் பிடிக்கும். தொடக்கக் கட்டங்களை லேசாக முடித்துவிடுகிறேன். போகப்போக மூன்று நட்சத்திரம் கிடைப்பதேயில்லை. கை வேகம் போதாதா? என்னோடு இருக்கும் அக்கா, ஓய்வுபெற்ற ஆசிரியை, கடிகாரம் ஓடினாலே பதறிப்போய் எழும்பிவிடுகிறா. அவவுக்கு எது சரிவரும்? ரவுனில் ஒரு கடையில் நூறு விளையாட்டை ஒரே பென் டிரைவில் பதிந்து தருகிறோம் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கை வேகத்தை முதலில் மறந்துவிடுங்கள். 44 வயது விரலால் முடியாத எதையும் இந்த விளையாட்டுகள் கேட்பதில்லை. டைனர் டேஷில் நான்கு இடங்களை அடுத்தடுத்துச் சொடுக்கினால், அதில் பரிமாறும் பெண் ஃப்ளோ அந்த நான்கையும் ஞாபகத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் போய்ச் செய்வாள். அவள் நடை வேகத்தை உங்கள் விரல் கூட்டப்போவதில்லை. நீங்கள் தீர்மானிப்பது அவள் எந்த வரிசையில் நடக்கிறாள் என்பதை மட்டும்தான். நட்சத்திரம் தப்புவதும் அங்கேதான். கடிகாரம் ஓடினாலும் இவை அடிப்படையில் புதிர்கள். நேர முகாமை என்று பெயர் போட்டு விற்கிறார்கள், அவ்வளவே.

தொடக்கக் கட்டங்கள் ஏன் லேசு? மேசை குறைவு, கூப்பிட்டவரிடம் ஓடினாலே போதும். மேசைகள் கூடியதும் அதே பழக்கம் ஆளைக் கவிழ்க்கிறது. திருகோணமலை பஸ் நிலையப் பக்கம் மத்தியான நேரத்தில் சாப்பாட்டுக்கடையில் பரிமாறுபவரைக் கவனித்துப் பாருங்கள். குழம்பு வாளியைத் தூக்கினால் ஆறு இலைக்கும் ஊற்றிவிட்டுத்தான் வைப்பார். ஒரு இலைக்குக் குழம்பு, ஒரு இலைக்குச் சோறு என்று அலையமாட்டார். 2003இல் வந்த டைனர் டேஷின் புள்ளிக் கணக்கு முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. ஒரே வகை வேலையை இடையில் வேறு வேலை கலக்காமல் தொடர்ந்து செய்தால், ஒவ்வொரு தடவையும் கூடுதல் புள்ளி ஏறும். ஓடர், ஓடர், ஓடர் என்று போனால் ஏறுகிறது. ஓடர், சாப்பாடு, ஓடர் என்று போனால் சங்கிலி அறுந்து முதலிலிருந்து தொடங்குகிறது.

ஒரு மேசைக்கு உரிய வேலைகள் இவை: ஆட்களை உட்கார வைத்தல், ஓடர் எடுத்தல், ஓடர் துண்டைச் சமையலறையில் கொடுத்தல், சாப்பாடு கொண்டுபோதல், பில் வாங்குதல், கோப்பை எடுத்துக் கழுவப்போடுதல். ஃப்ளோவுக்குக் கை இரண்டு. இரண்டு தட்டுத்தான் ஒரு நடையில் தூக்கலாம். ஆகவே மேசைகளைச் சோடி சோடியாக ஓட்டுங்கள். வரிசையில் இரண்டு கூட்டம் சேரும்வரை ஒரு கணம் பொறுத்து, இரண்டையும் அடுத்தடுத்து உட்கார வையுங்கள். அவர்கள் மெனுப் பார்த்து முடிப்பதும் ஏறக்குறைய ஒன்றாக நடக்கும், சாப்பிட்டு முடிப்பதும் ஒன்றாக நடக்கும். முதல் மேசை கை காட்டியவுடன் பாயாதீர்கள். அடுத்த மேசையும் காட்டட்டும், பிறகு இரண்டையும் ஒரே மூச்சில் சொடுக்குங்கள்.

இதற்கும் எல்லை உண்டு. சங்கிலி ஆசையில் ஐந்தாறு மேசையைக் காக்கவைத்தால், ஆட்களின் பொறுமையைக் காட்டும் இதயங்கள் குறையும். இதயம் தீர்ந்தால் ஆள் எழுந்து போய்விடும், அந்த மேசையின் புள்ளி முழுவதும் நட்டம். இரண்டு இதயத்துக்கு இறங்கிவிட்டால் சங்கிலியை விட்டுவிட்டு அந்த மேசையைக் கவனிப்பதே இலாபம். வேலைக்குப் போகும் அவசரப் பெண்மணிக்குப் பொறுமை குறைவு, வயதானவர்களுக்கு அதிகம். காக்க வைப்பதானால் வயதானவர்களைக் காக்க வையுங்கள்.

நிறத்தையும் விட்டுவிடாதீர்கள். சிவப்பு உடுப்புக்காரர் இருந்த கதிரை சிவப்பாகிவிடும். அடுத்த சிவப்பு உடுப்புக்காரரை அதே கதிரையில் இருத்தினால் மேலதிகப் புள்ளி, மூன்றாமவரையும் அங்கேயே இருத்தினால் இன்னும் கூடும். கடைசி நேரத்தில் வாசலில் ஆள் வருவது நின்றுவிட்டால், மேசையைக் காலி செய்யும் அவசரமே இல்லை. பில் வாங்க வேண்டிய மேசைகளைச் சேர்த்துவைத்து ஒரே சங்கிலியாக வாங்குங்கள். மூன்றாவது நட்சத்திரம் பெரும்பாலும் இந்தக் கடைசி நிமிடத்தில்தான் கிடைக்கிறது.

டைனர் டேஷுக்குப் பிறகு வந்த சமையல்கடை விளையாட்டுகள் பல இந்தச் சங்கிலிக் கணக்கை மெல்லியதாக்கி, அதற்குப் பதிலாகக் கதையையும் அலங்காரத்தையும் ஏற்றிவிட்டன. எமிலி வரும் டெலிஷியஸ் தொடர் அழகானது, கதை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் புதிராகப் பார்த்தால் பழைய டைனர் டேஷ்தான் எங்களுக்கு ஒரு படி மேல்.

ஃபார்ம் ஃப்ரென்ஸியில் உங்களைப் பின்னுக்கு இழுப்பது அநேகமாக லொறிதான். இரண்டு முட்டை சேர்ந்தவுடன் லொறியை அனுப்பிவிட்டால், அது போய்த் திரும்பும்வரை மிச்சம் எல்லாம் களஞ்சியத்தில் தேங்கும். களஞ்சியம் நிறைந்தால் புல்லில் கிடக்கும் முட்டையை எடுக்க இடமிராது; எடுக்காமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். கட்டம் தொடங்கும்போது கையில் காசே இல்லையென்றால் மட்டும் சிறு சுமையை அனுப்பலாம். மற்றப்படி நிறைத்து அனுப்புங்கள். முட்டையை முட்டையாக விற்காமல் ஆலையில் போட்டுத் தூளாக விற்றால் விலை அதிகம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். கரடி இறங்கினால் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு, கூண்டு முழுதாக மூடும்வரை அதன்மேல் விடாமல் சொடுக்குங்கள். பாதியில் விட்டால் கூண்டு தளர்ந்துவிடும். பிடித்த கரடியையும் விற்கலாம், ஆனால் அது களஞ்சியத்தில் இடத்தை அடைக்கும். ஆகவே கரடி முதல் லொறியிலேயே போகட்டும்.

ஹெர்குலிஸ் வகை வேறு. அதில் ஆட்களைவிட மரமும் சாப்பாடும் பொன்னும்தான் தட்டுப்பாடாகும். இங்கே எல்லோரும் விழும் குழி, தரமுயர்த்தும் பொத்தானைக் கண்டவுடன் அமத்துவது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மர ஆலை ஒரு தடவைக்கு 4 மரம் தருகிறது, தரமுயர்த்த 6 மரம் வேண்டும், உயர்த்தினால் தடவைக்கு 6 தரும் என்று வையுங்கள். வழியிலுள்ள பாலத்துக்கு 20 மரம் தேவை. உயர்த்தாமல் இருந்தால் ஐந்து தடவையில் 20 வந்துவிடும். உயர்த்தினால், முதல் இரண்டு தடவையில் 8 வரும், அதில் 6 செலவு, மிச்சம் 2. இன்னும் 18 வேண்டும், அது மூன்று தடவை. மொத்தம் அதே ஐந்து. இடையில் ஒரு வேலையாள் ஆலையைக் கட்டிக்கொண்டு நின்ற நேரம் வீண். அதே கட்டத்தில் மொத்தம் 60 மரம் வேண்டுமென்றால் கதை மாறும்: உயர்த்தாமல் 15 தடவை, உயர்த்தினால் 12. ஆக, முதலில் திரையின் மூலையிலுள்ள இலக்குகளைப் பாருங்கள், அவற்றுக்கும் வழித்தடைகளுக்கும் மொத்தம் எவ்வளவு வேண்டும் என்று கூட்டுங்கள், பிறகு முடிவெடுங்கள். இப்படிப்பட்ட கட்டங்களில் நட்சத்திரம் பெரும்பாலும் நேரத்துக்குத்தான். கடைசியில் களஞ்சியத்தில் மிஞ்சிக்கிடக்கும் மரத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. இரண்டாவது வேலையாள் விஷயத்தில் மட்டும் தயங்க வேண்டாம். அவர் கிடைக்கும் முதல் வாய்ப்பிலேயே வாங்கிவிடுங்கள். இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடப்பதற்கு ஈடாக எந்த ஆலையும் வராது.

ஒரு கட்டத்தை முதல் தடவையே வெல்லப் பார்க்காதீர்கள். முதல் ஓட்டம் எங்கே என்ன இருக்கிறது, எது எப்போது தீர்கிறது என்று பார்ப்பதற்கு. எந்த இடத்தில் வேலையாள் சும்மா நின்றார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு இரண்டாவது தடவை தொடங்குங்கள்.

இனி அக்கா. நேரம் பார்த்துப் பதறுகிறவரை நேரத்துக்குப் பழக்க வேண்டிய தேவையில்லை. இந்த வகை விளையாட்டுகள் பலவற்றில் தொடங்கும்போதே கடிகாரம் இல்லாத முறையைத் தெரிவுசெய்யலாம். ஹெர்குலிஸில் அதைப் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். ஆனால் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு எங்கள் முதல் தெரிவு ஃப்ரீசெல் என்ற சீட்டாட்டம். விண்டோஸ் 10, 11இல் மைக்ரோசொஃப்ட் சொலிட்டயர் தொகுப்புக்குள் இருக்கிறது; விளம்பரம் வரும், பணம் கேட்காது. 52 சீட்டும் முகம் தெரியக் கிடக்கும், மறைவு ஒன்றுமில்லை. தோற்றால் அதிர்ஷ்டத்தைக் குறைசொல்ல வழியில்லை. பழைய விண்டோஸில் வந்த 32,000 ஆட்டங்களில் தீர்க்கவே முடியாதது 11982ஆம் இலக்கம் ஒன்றுதான். மற்ற எல்லாவற்றுக்கும் வழி உண்டு என்று தெரிந்தால் அக்கா விடமாட்டா.

அவவுக்கு ஒரு சூத்திரம் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டை ஒதுக்கிவைக்க நான்கு தனி அறைகள் உண்டு; அவற்றில் காலியாக உள்ளவற்றோடு ஒன்றைக் கூட்டினால், ஒரே தடவையில் எத்தனை சீட்டை வரிசையாக நகர்த்தலாம் என்பது வரும். நான்கு அறையும் காலியென்றால் 5, இரண்டு காலியென்றால் 3. முழுக்கக் காலியான ஒரு நிரல் இருந்தால் அந்த எண்ணிக்கை இரட்டிக்கும். இரண்டு நிரல் காலியென்றால் நான்கு மடங்கு. நகர்த்துவது அந்தக் காலி நிரலுக்கே என்றால் அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. புதியவர்கள் செய்யும் பிழை, முதல் பத்து நகர்த்தலுக்குள் நான்கு அறையையும் நிரப்பிவிடுவது. அதன்பிறகு ஒரு சீட்டுக்கு மேல் அசையாது. சீட்டுகளை ஏஸிலிருந்து வரிசையாக அடுக்கி முடிப்பதே இலக்கு என்பதால், ஏஸும் இரண்டும் எந்த நிரலின் அடியில் புதைந்திருக்கிறது என்று முதலில் பார்த்து, அந்த நிரலைத் தோண்டுவதற்காக மட்டும் அறையைச் செலவழிக்க வேண்டும்.

நிறக் கற்கள் பிடித்தால் பிஜுவெல்ட் 3 இருக்கிறது, 2010இல் வந்தது. அதிலுள்ள சென் முறையில் கடிகாரமும் இல்லை, தோல்வியும் இல்லை. கைப்பேசியிலுள்ள கேண்டி கிரஷை அவவிடம் கொடுக்காதீர்கள். அதில் உயிர் ஐந்து, தீர்ந்தால் ஒன்று திரும்ப வர 30 நிமிடம். காத்திரு அல்லது காசு கட்டு என்று நிறுத்திவைக்கும் விளையாட்டு புதிர் விரும்புகிறவரை மதிப்பதில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. பொருள் தேடும் விளையாட்டுகளில் பட்டியல் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களாக வரும். ஆசிரியைக்கு அது தடையாக இராது, நல்ல வெளிச்சத்தில் மட்டும் விளையாட வையுங்கள்.

மடிக்கணினியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நட்சத்திரத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. தடவு பலகையால் விளையாடாதீர்கள்; ஆட்களை இழுத்துப்போய் உட்கார வைக்கும்போது விரல் நழுவி வேறு மேசையில் விழும். சாதாரண வயர் மவுஸ் போதும். பழைய விளையாட்டுகள் சதுரத் திரைக்குச் செய்யப்பட்டவை, அகலத் திரையில் இழுபட்டுத் தெரியும். விளையாட்டின் அமைப்புகளில் முழுத்திரையை நிறுத்திவிடுங்கள். திறக்கவே மறுத்தால், படவுருவில் வலப்பக்கச் சொடுக்கு, ப்ரொப்பர்ட்டீஸ், அதில் கொம்பேட்டிபிலிட்டி, அங்கே விண்டோஸ் எக்ஸ்பி என்பதைத் தெரிவுசெய்யுங்கள். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் மடிக்கணினியை மெத்தையிலோ மடியிலோ வைக்க வேண்டாம், மேசையில் வையுங்கள்; அடிப்பக்கக் காற்றுத்துளை அடைபட்டுச் சூடேறினால் இயந்திரம் தானாகவே வேகத்தைக் குறைக்கும், ஃப்ளோ விக்கி விக்கி நடப்பாள். மின்சாரம் போனால் கலங்காதீர்கள். இவை பெரும்பாலும் கட்டம் முடியும்போது சேமிப்பவை, நடுவிலிருந்த ஒரு கட்டம் மட்டும்தான் போகும்.

பென் டிரைவ் வேண்டாம். பூட்டு உடைத்த விளையாட்டுகளைப் பதியும்போது வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார்கள். என்ன உள்ளே வருகிறது என்று அதற்குப் பிறகு பார்க்க ஆளில்லை. மகனின் ஆவணங்களும் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லும் அதே கணினியில் இருக்கக்கூடும். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் இந்த வகை விளையாட்டுகள் நிறைய உண்டு, விலை டொலரில், பருவக் கழிவு விற்பனையில் நன்றாக இறங்கும். கட்டணம் செலுத்த முன்னர், உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை அட்டை மறுக்கப்படுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். வாங்கி 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆகவே வாங்கிய அன்றே முதல் ஐந்து கட்டத்தை விளையாடிப் பாருங்கள். உங்கள் கணினியில் விக்கினாலோ, எழுத்து கண்ணுக்குப் படாத அளவு சிறிதாக இருந்தாலோ, அந்த 2 மணி தாண்டுமுன் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விளையாட்டைத் திறந்தபடி விட்டுவிட்டுச் சமைக்கப் போகாதீர்கள். அந்த நேரமும் கணக்கில் ஏறும்.