பூட்டுத் திறக்கும் பொழுதுபோக்குக்கு முதல் கருவித் தொகுப்பாக எதை வாங்கலாம்?

சிங்கப்பூரில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறீர்கள், சாவி இல்லாமல் பூட்டைத் திறந்து பழக ஆசை, இணையக் கடையில் முப்பது கருவிகள் கொண்ட தோல்பை ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். முதல் தொகுப்பில் மூன்று பிக் (பூட்டுக்குள் விட்டுத் துழாவும் மெல்லிய கருவி), நாலைந்து டென்ஷன் ரெஞ்ச் (பூட்டைத் திருப்பிப் பிடிக்கும் வளைந்த பட்டை) இருந்தால் போதும். மிச்சப் பணத்தில் பூட்டு வாங்குங்கள்.

ஏன் மூன்று போதும் என்பது பூட்டின் உள்ளே நடப்பதைப் பார்த்தால் புரியும். நாம் அன்றாடம் காணும் பூட்டுகளில் பெரும்பாலானவை ‘பின்’ எனப்படும் சிறு உலோகக் குச்சிகள் கொண்ட வகை. சாவி நுழையும் உருளைக்கு மேலே ஒரு வரிசைத் துளைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பின், அவற்றைக் கீழே தள்ள ஒரு ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்தால் எல்லா ஜோடிகளும் உருளையின் விளிம்பில் பிரிந்து நிற்கும், உருளை சுழலும். அமெரிக்கரான லைனஸ் யேலும் அவர் மகனும் 1840-களிலிருந்து 1860-களுக்குள் இதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தார்கள். அந்தத் துளைகளை எந்த எந்திரத்தாலும் நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்கோட்டில் போட முடியாது. அதனால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் எல்லா பின்னும் ஒரே நேரத்தில் இறுகுவதில்லை, ஏதோ ஒன்றுதான் முதலில் சிக்கும். அதைத் தேடிப்பிடித்து உயர்த்தினால் உருளை மயிரிழை அளவு நகரும், அடுத்த பின் சிக்கும். இப்படி ஒவ்வொன்றாக உயர்த்திக்கொண்டே போவதுதான் மொத்த வேலை.

ஆக, பின்னைத் தூக்கும் வேலைக்கு ஒரு சிறிய ஹூக் (நுனி வளைந்த பிக்), கொஞ்சம் உயரமான ஹூக் ஒன்று. முன்னும் பின்னும் உரசி எளிய பூட்டைத் திறக்க ஒரு ரேக். தோல்பையில் இருக்கும் மற்ற வளைவுகள் பெரும்பாலும் பையிலேயேதான் கிடக்கும். துப்பாக்கி மாதிரி விசையை இழுக்கும் பிக், தட்டித் திறக்கும் சாவி இரண்டையும் இப்போது தொடாதீர்கள். அவற்றால் பூட்டு திறக்கலாம், ஆனால் பின் சிக்குவதை விரல் உணரக் கற்றுக்கொள்ளாது. இந்தப் பொழுதுபோக்கின் சுகமே அந்த உணர்வில்தான் இருக்கிறது.

பிக்கின் வடிவத்தைவிட அதன் தடிமனும் மெருகும் முக்கியம். பொதுவாக 0.025 அங்குலம், 0.018 அங்குலம், 0.015 அங்குலம் என்று விற்பார்கள், அதாவது சுமார் 0.6, 0.45, 0.4 மில்லிமீட்டர். தடித்தது வளையாது, விரலுக்கு நல்ல சேதி சொல்லும், ஆனால் குறுகலான சாவித் துவாரத்தில் நுழையாது. தொடங்குபவருக்கு 0.025-இல் ஒரு ஹூக், 0.018-இல் ஒன்று இருந்தால் பல பூட்டுகளைச் சமாளிக்கலாம். மலிவான தொகுப்புகளில் மென்மையான தகடும் வெட்டிய ஓரத்தில் பிசிறும் இருக்கும். பிசிறு பின்னில் உரசும்போது வரும் நெருடலைப் பின் சிக்கியதாக மனம் எடுத்துக்கொள்ளும். 600, பிறகு 1000, பிறகு 2000 எண் உப்புத்தாளால் தேய்த்து ஓரங்களை வழவழப்பாக்கலாம். நல்ல பிக்கையும் ஒருமுறை இப்படித் தேய்ப்பது வீண்போகாது.

பிராண்ட் கேட்டால், கனடாவின் ஸ்பேரோஸ், அமெரிக்காவின் பீட்டர்சன், சவுத்ஆர்ட், ஜெர்மனியின் மல்டிபிக் ஆகியவற்றில் எதை வாங்கினாலும் பழுதில்லை. தொகுப்பாக அல்லாமல் தனித்தனியாக எடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் கட்டணத்தோடு 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 2023 முதல் 400 வெள்ளிக்குட்பட்ட இணையப் பொருள்களுக்கும் அந்த வரி உண்டு.

டென்ஷன் ரெஞ்சைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எல்லாரும் அதைப் பிக்குக்கு இலவச இணைப்பாக நினைக்கிறார்கள். உருளையைத் திருப்பிப் பிடிப்பது அதுதான். அது நழுவினால் அதுவரை உயர்த்திய பின்கள் எல்லாம் ஸ்பிரிங் தள்ளிக் கீழே இறங்கிவிடும். துவாரத்தின் அடிப்பக்கத்தில் செருகும் எல் வடிவ வகை ஒன்று, பின்கள் இருக்கும் மேல்பக்க விளிம்பில் கவ்வி நிற்கும் தட்டையான வகை மற்றொன்று. மேல்பக்க வகை அடியில் பிக்குக்கு இடம் விடும், உருளையின் அசைவும் அதில் தெளிவாகத் தெரியும். எந்தத் துவாரத்துக்கு எந்த அகலம் கச்சிதமாக உட்காரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதனால்தான் நாலைந்து வேண்டும். கார் வைப்பர் ரப்பருக்குள் இருக்கும் எஃகுப் பட்டையை வெட்டி வளைத்தால் அருமையான ரெஞ்ச் கிடைக்கும். சின் மிங் பக்கம் பட்டறை வைத்திருப்பவர் யாரையாவது தெரிந்தால் தூக்கிப்போடும் பழைய வைப்பரைக் கேட்டு வாங்குங்கள். அழுத்தம் மிக லேசாக இருக்கட்டும்: கீபோர்டில் எழுத்து பதியாத அளவுக்கு விசையை அமுக்குவது போல.

சரி, பூட்டு? கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் பயிற்சிப் பூட்டு உள்ளே நடப்பதைக் காட்டும், அவ்வளவே. அதன் துளைகள் தளர்வானவை, விரலுக்கு எதுவும் கற்றுத்தராது. மாஸ்டர் லாக் 3 என்ற தகடு அடுக்கிய தொங்கு பூட்டு நல்ல தொடக்கம்: நான்கு பின், அகலமான துவாரம். அப்புறம் பேட்டை ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரண பித்தளைப் பூட்டுகள் இரண்டு. அதன் பிறகு இடை சிறுத்த பின்கள் கொண்ட பூட்டு. அதில் உருளை பாதி சுழன்று ஏமாற்றி நிற்கும், அழுத்தத்தைத் தளர்த்தி அதைக் கொஞ்சம் பின்னோக்கிப் போகவிட வேண்டும். சாவியின் தட்டையான பக்கத்தில் குழி குழியாக இருந்தால் அந்தப் பூட்டை ஒதுக்கிவையுங்கள், அதற்கு வேறு கருவி.

எந்தப் பூட்டைத் தொடலாம் என்பதில் உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பின்பற்றும் விதிகள் இரண்டு. உங்களுக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடாதீர்கள், பயன்பாட்டில் இருக்கும் பூட்டையும் தொடாதீர்கள், அது உங்கள் வீட்டுக் கதவுப் பூட்டாகவே இருந்தாலும் சரி. உள்ளே ஒரு பின் கோளாறானால் இரவில் பூட்டுக்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் தகுந்த காரணமின்றி வீடு உடைக்கும் கருவியுடன் பிடிபட்டால் அது குற்றமாகலாம். ஆகவே கருவிகளை வேலைக்குப் போகும் பையில் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் திரியாதீர்கள், புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பழகாதீர்கள். வீட்டு மேசையில் வைத்துப் பழகுங்கள், வீட்டில் உள்ளவர்களுக்கும் என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்திருக்கட்டும். வாங்குவதற்கு முன் அரசாங்கத்தின் சட்ட இணையதளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஊருக்குப் போகும்போது திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கிவந்து பழகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கண்டிப்பாக வாங்கி வாருங்கள், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. ஆனால் அங்கே கையால் செய்யும் பாரம்பரியப் பூட்டுகள் நெம்பு வகை. உள்ளே பின்கள் கிடையாது, அடுக்கடுக்காக நெம்புத் தகடுகள் இருக்கும். தடித்த கம்பியில் செய்த தனிக் கருவி வேண்டும், மேலே சொன்ன ஹூக் எதுவும் அதில் வேலைக்கு ஆகாது. பித்தளைப் பூட்டுகள் கைக்குப் பழகும்வரை அது அலமாரியில் இருக்கட்டும்.