டின் அப்புறம், தவிடு முதலில்

கேள்வி: கோயில் விழா, கல்யாண ஊர்வலங்களுக்குப் போகும் நாட்டுக் குதிரை ஒன்று வைத்திருக்கிறேன். ஏழு வயதுப் பெண் குதிரை, சுமார் 300 கிலோ. வைக்கோல், வரப்புப் புல், கோ-4 என்ற தீவனப் புல், தினம் இரண்டு கிலோ அரிசித் தவிடு போடுகிறேன். முடி செம்பட்டையாகிறது, நடையிலும் துள்ளல் இல்லை. மூவாயிரம் ரூபாய்க்கு மினரல் டின் வாங்கச் சொல்கிறார்கள். கட்டுப்படியாகும் வழி உண்டா?
- வாசகர், அய்யம்பேட்டை

பதில்: டின்னை அப்புறம் பார்ப்போம். முதலில் தவிட்டைக் குறையுங்கள்.

இரண்டு கிலோ தவிட்டில் பாஸ்பரஸ் 30 கிராம் வரை இருக்கும். கால்சியம் 2 கிராம் தேறினால் அதிகம். உங்கள் குதிரைக்குத் தினம் வேண்டியது 12 கிராம் கால்சியம், 8 கிராமுக்குச் சற்று மேல் பாஸ்பரஸ். அதாவது கால்சியம் கூடவும் பாஸ்பரஸ் குறையவும் இருக்க வேண்டிய கணக்கு தலைகீழாக இருக்கிறது. போதாததற்கு வைக்கோலிலும் கோ-4 புல்லிலும் உள்ள ஆக்சலேட் என்ற உப்பு, இருக்கிற கால்சியத்தையும் பிடித்துக்கொண்டு லத்தியோடு போய்விடும். மாட்டின் வயிற்றில் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை முதலிலேயே சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. குறைகிற கால்சியத்தை உடல் எலும்பிலிருந்துதான் எடுக்கும்.

நான் கால்நடை மருத்துவராக வேலையில் சேர்ந்த புதிதில், திருவாரூர் பக்கம் அரிசி ஆலைக்காரர் ஒருவரின் குதிரை ஒரு வாரம் முன்னங்கால், மறு வாரம் பின்னங்கால் என்று மாறி மாறி நொண்டியது. நான் காலுக்கே மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். முகம் இரண்டு பக்கமும் புடைத்த பிறகுதான் தீனித் தொட்டியை எட்டிப் பார்த்தேன். தொட்டி நிறையத் தவிடு. எலும்பிலிருந்து கால்சியம் போனதால்தான் நொண்டலும் புடைப்பும். தீனியை மாற்றியதும் சில மாதங்களில் நொண்டல் நின்றது, முகம் பழையபடி ஆகவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பத்து நாளில் படிப்படியாகத் தவிட்டை அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். ஈடாக ஊறவைத்த கொள்ளு கொஞ்சம் போடலாம். கோழித் தீவனக் கடையில் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் தூள், மலிவாகவே கிடைக்கும். தினம் 30 கிராம் ஈரத் தவிட்டில் பிசைந்து கொடுத்தால் 11 கிராம் கால்சியம் சேரும். ஒரு முறை தராசில் நிறுத்து, டம்ளரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு, வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு இரண்டும் கூடவே கூடாது, வாயும் குடலும் வெந்துவிடும். சாப்பாட்டு உப்பு 15 கிராம். ஊர்வலத்தில் வியர்த்த நாளில் 30.

இடம் இருந்தால் குதிரை மசால் (லூசர்ன் என்ற தீவனப் பயிர்) போடுங்கள். நாலைந்து கிலோ பசுந்தழையே தூளுக்கு ஈடான கால்சியம் தரும். நம் களிமண்ணில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும், மேட்டுப் பாத்தி வேண்டும். முடியாவிட்டால் வேலிமசால் என்ற தீவனச் செடி. சூபாபுல் மரத் தழை மட்டும் வேண்டாம், பிடரியும் வாலும் உதிர்ந்துவிடும்.

செம்பட்டை வெயிலாலும் வரும், தாமிரம், துத்தநாகக் குறைவாலும் வரும். அதற்கு மாட்டுக்கான தாது உப்புக் கலவையே போதும், தினம் 30 கிராம். ஆனால் பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள். தாமிரமும் துத்தநாகமும் இருக்க வேண்டும். யூரியாவும், மாடு, கோழித் தீவனத்தில் சேர்க்கும் மோனன்சின் என்ற மருந்தும் இருக்கவே கூடாது. மோனன்சின் குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். இரும்பு டானிக்கும் வாங்காதீர்கள், புல்லிலேயே தேவைக்கு மேல் இரும்பு இருக்கிறது.

இன்றைக்கே கண்ணுக்குக் கீழேயும் தாடையிலும் விரலால் தடவிப் பாருங்கள். புடைப்போ நொண்டலோ தெரிந்தால் ஊர்வலத்தை நிறுத்திவிட்டு, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள்.