பழைய விமானமும் முதிய விமானியும்: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

பட் ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் போர் விமானியைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை எங்கள் பாடசாலையின் ஆசிரியர் அறையில் பலரும் வாசித்தோம். அவரைக் கௌரவிப்பதற்காக, அவர் இரண்டாம் உலகப் போரில் ஓட்டிய மஸ்டாங் என்ற போர் விமானத்தைப் போலவே வேறு மஸ்டாங்குகளுக்கு வர்ணம் பூசிப் பெயரெழுதிப் பறக்கவிட்டார்கள் என்று அதில் குறிப்பிட்டிருந்தீர்கள். அவர் போரில் ஓட்டாத விமானத்தில் அவருடைய விமானத்தின் பெயரை எழுதுவது எப்படி மரியாதையாகும்? பணக்காரர்களின் பொழுதுபோக்குக்கு அது ஒரு சாக்கு அல்லவா?

இதைக் கேட்க ஒரு காரணம் உண்டு. எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. அதன் என்ஜின் அறையில் வேலை செய்த முதியவர் ஒருவர் இன்னும் எங்கள் லயக் குடியிருப்பில் இருக்கிறார். அவரைக் கௌரவிக்கத் தொழிற்சாலையின் மாதிரி ஒன்றைச் செய்ய மாணவர்கள் ஆசைப்படுகிறார்கள். செய்யலாமா?

ஓர் ஆசிரியை, அட்டன்

அன்புள்ள ஆசிரியைக்கு,

பொழுதுபோக்கு என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்கப் போவதில்லை. ஒரு மஸ்டாங்கைப் பறக்கும் நிலையில் வைத்திருக்க ஆகும் செலவு நம்மைப் போன்றவர்களின் கணக்குக்குள் அடங்காது. கார்ப் பந்தய அணி உரிமையாளரான ஜாக் ரவுஷ் போன்ற ஒருவரால்தான் அது முடியும். ஆனால் செலவழித்தவர் யார் என்பதைக் கொண்டு மட்டும் இதை எடை போட்டால், அந்த விமானங்களைச் சுற்றி நடந்த முக்கியமான காரியம் நம் கண்ணில் படாமல் போய்விடும்.

ஆண்டர்சன் 1922 இல் பிறந்து 2024 மே மாதம், 102 ஆவது வயதில் காலமானார். இங்கிலாந்தின் லெய்ஸ்டன் தளத்திலிருந்து 357 ஆவது போர் விமானக் குழுவில் 116 தடவை போர்ப் பறப்புக்குச் சென்றார். அவர் கணக்கில் வீழ்ந்த எதிரி விமானங்கள் பதினாறேகால். அந்தக் கால் என்பது, நால்வர் சேர்ந்து வீழ்த்திய ஒன்றில் அவருக்குரிய பங்கு. தன் மஸ்டாங்குகளுக்கு ‘ஓல்ட் க்ரோ’, அதாவது கிழக் காகம், என்று பெயர் வைத்தார். குடிக்காத நண்பர்களிடம் அது வானத்திலேயே புத்திசாலியான பறவையின் பெயர் என்பார். குடிக்கிற நண்பர்களுக்கு அது ஒரு மலிவு விஸ்கியின் பெயர் என்பது சொல்லாமலே தெரியும்.

போர் முடிந்ததும் அத்தகைய விமானங்களில் பெரும்பாலானவை உடைத்துப் பழைய உலோகமாக்கப்பட்டன. எனவே பிற்காலத்தில் ரவுஷிடமும் நார்வே நாட்டவரிடமும் ‘ஓல்ட் க்ரோ’ என்ற பெயரோடு பறந்தவை, அதே இன விமானங்களேயன்றி அவர் போரில் ஓட்டியவை அல்ல. இதை யாரும் மறைக்கவுமில்லை.

இப்போது நிறத்தின் கதைக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. அவருடைய ‘டி’ ரக மஸ்டாங் முதலில் பச்சை நிறத்தில் இருந்தது. 1944 இன் குளிர்காலத்தில் ஐரோப்பா பனியால் வெளுத்துக் கிடந்தபோது, அந்தப் பச்சை மேலிருந்து பார்ப்பவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. நிறத்தை எடுத்துவிட்டால் நல்லது என்று அவர் தன் தரைப் பணியாளர்களிடம் பேச்சுவாக்கில் சொன்னார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், விமானம் வெள்ளியாய் மின்னிக்கொண்டு நிற்கிறது. ஓட்டோ ஹைனோ என்ற பொறுப்பாளரும் அவருடைய ஆட்களும் பெற்றோலில் நனைத்த துணிகளால் இரவு முழுவதும், அந்தக் குளிரில், வெறும் கைகளால் தேய்த்து வர்ணத்தை எடுத்திருக்கிறார்கள். கைத்தோல் உரிந்து போயிருந்தது. ஒரு பேச்சுக்குச் சொன்னதை அவர்கள் கட்டளையாக எடுத்துக்கொண்டார்களே என்று ஆண்டர்சன் பிற்காலம் முழுவதும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே ‘ஓல்ட் க்ரோ’வை மீண்டும் உருவாக்க முனைகிறவர், எந்த மாதத்து ஓல்ட் க்ரோ என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். பச்சையா, வெள்ளியா? நோர்மண்டித் தரையிறக்கத்தின்போது நேச நாட்டு விமானங்களில் பூசிய கறுப்பு வெள்ளைப் பட்டைகள் வேண்டுமா? இந்தக் கேள்விகளைக் கேட்க ஆள் உயிரோடு இருந்தார். தொண்ணூறு வயதைக் கடந்தும் அவர் அந்த விமானங்களின் அருகே நின்று கூட்டத்துக்குக் கதை சொன்னார். அவர் சொன்ன கதைகளில் வீழ்த்திய விமானங்களுக்கு எவ்வளவு இடம் இருந்ததோ, அந்தத் தோலுரிந்த கைகளுக்கும் அவ்வளவு இடம் இருந்தது. வெண்கலச் சிலை வைத்திருந்தால் ஹைனோவின் பெயர் நம் காதுக்கு வந்திருக்காது என்றே நினைக்கிறேன். சிலைக்கு மாலை போடலாம். அதன் நிறத்தைப் பற்றி யாரும் யாரிடமும் விசாரிக்க மாட்டார்கள்.

கொன்றவருக்குக் கௌரவமா என்ற கேள்வியும் உங்கள் கடிதத்துக்கு அடியில் இருக்கலாம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது குண்டு வீசியபோது, ரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழுந்த ஹரிக்கேன் போர் விமானங்களை ஓட்டியவர்களும் கொல்லப் புறப்பட்டவர்கள்தான். அவர்களை நினைவுகூர்வதில் நமக்குத் தயக்கம் இல்லை என்பதால், இந்தக் கேள்வியை இங்கே நீட்டுவது நேர்மையாகாது என்று கருதுகிறேன்.

உங்கள் மாணவர்களின் மாதிரிக்கு வருவோம். தாராளமாகச் செய்யுங்கள். தொடங்குமுன் ஹந்தானையிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்கு அவர்களை ஒரு முறை அழைத்துச் செல்லுங்கள். 1925 இல் கட்டிய தொழிற்சாலையிலேயே அது இயங்குகிறது. பழைய என்ஜின்களையும் கொழுந்தை உருட்டும் ரோலர்களையும் நேரில் பார்க்கலாம். ஆனால் அங்கே பார்த்ததை அப்படியே அட்டையில் வெட்டி ஒட்டிவிட வேண்டாம். உங்கள் தொழிற்சாலையில் என்ஜின் சுழற்றிய பட்டி (பெல்ட்) எந்தப் பக்கமாக மேலே போனது, கொழுந்து வாட்டும் மாடிக்கு எந்தப் படியால் ஏறினார்கள், கதவுக்கு என்ன நிறம், இரவு முறையில் அவரோடு எண்ணெய் விட்டவர் யார், ரோலருக்குப் பக்கத்தில் நின்றவர் யார் என்றெல்லாம் அந்தப் பெரியவரிடமே கேட்கச் சொல்லுங்கள். பேச்சைக் கைத்தொலைபேசியில் பதிந்தும் வையுங்கள். அமெரிக்கப் போர் விமானங்களில் விமானியின் பெயரோடு பராமரித்தவர்களின் பெயர்களையும் எழுதும் வழக்கம் இருந்தது. நீங்களும் மாதிரியின் சுவரில் அவர் சொல்லும் பெயர்கள் அத்தனையையும் எழுதுங்கள். தோட்டத்தை நடத்திய துரையின் பெயர் ஏற்கெனவே வேறு பல இடங்களில் இருக்கும், அதற்கு அவசரமில்லை.

இன்னொன்று. வர்ணம் பூசுவதற்கு முன்பே, அட்டையும் பசையுமாக இருக்கும்போதே, அவரைப் பாடசாலைக்கு அழைத்து வந்து காட்டிவிடுங்கள். எல்லாம் முடித்து நாடா கட்டி வைத்த பிறகு அழைத்தால், பிள்ளைகளின் மனம் நோகக்கூடாது என்று, “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.