பாய்லர் முள் இறங்கிக்கொண்டே போகிறதா?

பிரிட்டனில் காம்பி பாய்லரும் (ஹீட்டிங்குக்கும் குழாய் வெந்நீருக்கும் ஒரே பாய்லர்) ரேடியேட்டரும் வைத்திருக்கும் வீடுகளுக்கான கேள்வி-பதில்

கேள்வி: லண்டன் ஹாரோவில் சொந்த வீடு. பாய்லருக்கு ஏழு வயது. காலையில் பார்த்தால் பிரஷர் முள் 0.5-க்குக் கீழே கிடக்கிறது. தண்ணீர் ஏற்றி 1.5-க்குக் கொண்டுவந்தால் மூன்று நாளில் மறுபடி இறங்கிவிடுகிறது. வீட்டில் எங்கும் ஈரம் இல்லை. பார்க்க வந்தவர் புது பாய்லர் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: பொறுங்கள். முள் இறங்குவதை மட்டும் பார்த்திருக்கிறீர்கள், ஏறுவதையும் பாருங்கள். ஹீட்டிங் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) வரை இருப்பது சரி. அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தால் 2-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 2.5-ஐத் தாண்டி 3-ஐ நோக்கி ஓடினால், பெரும்பாலும் குழாயில் ஓட்டை இருக்காது. எக்ஸ்பேன்ஷன் வெசலில்தான் காற்று இறங்கியிருக்கும்.

10 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறத்தாழ 2 சதவீதம் விரியும். குழாயும் ரேடியேட்டருமாகச் சேர்ந்து 100 லிட்டர் பிடித்தால், கூடுதலாக வரும் 2 லிட்டருக்கு இடம் வேண்டும். அதற்காக இருப்பதுதான் வெசல்: நடுவில் ரப்பர் சவ்வு வைத்த ஒரு தகர டப்பா, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. வருடக்கணக்கில் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனால் அந்த 2 லிட்டருக்கு இடமில்லை. அழுத்தம் 3 பாரைத் தொட்டதும் சேஃப்டி வால்வு திறந்து, தண்ணீரை 15 மில்லிமீட்டர் செப்புக் குழாய் வழியாக வெளிச்சுவருக்கு அனுப்பிவிடும். ஆறிய பிறகு அந்தத் தண்ணீர் இல்லாததால் முள் விழுகிறது. வீட்டுக்குள் ஈரம் தெரியாததும் இதனால்தான்.

உறுதி செய்ய, வெளிச்சுவரில் வளைந்து சுவரையே பார்த்து நிற்கும் அந்தச் செப்புக் குழாயின் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாக மாட்டிவிடுங்கள். ஹீட்டிங் போடுவதற்கு முன்பே மாட்டுங்கள், வருவது கொதிநீராக இருக்கலாம். இறுக்கிக் கட்டி அடைக்கக் கூடாது. மறுநாள் பையில் தண்ணீர் இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

அடுத்து வருபவர் செய்ய வேண்டியது இது. வெசலின் வால்வு கார் டயர் வால்வு மாதிரியேதான் இருக்கும். ஊசியை அழுத்தினால் தண்ணீர் பீச்சிட்டு வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, வெசலை மாற்ற வேண்டும். தண்ணீர் வராவிட்டால் காற்று நிரப்பிப் பார்க்கலாம். ஆனால் முதலில் தண்ணீர்ப் பக்கத்தின் அழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கி, வடிகுழாயைத் திறந்தே வைத்துக்கொண்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு (வழக்கமாக 0.75 முதல் 1 பார்) அடிக்க வேண்டும். அப்படி இறக்காமல் காற்றடித்துவிட்டு, முள் சரியாக இருக்கிறது என்று காட்டிப் போகிறவர்களும் உண்டு, கொஞ்ச நாளில் பழைய கதைதான். பலமுறை திறந்த சேஃப்டி வால்வில் துருத்துகள் சிக்கி, பிறகு சொட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் அதையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

சில பாய்லர்களில் வெசல் முதுகுப் பக்கம் இருக்கும். அதை மாற்ற பாய்லரையே சுவரிலிருந்து கழற்ற வேண்டும். அந்தக் கூலியைக் கேட்டு மலைத்துத்தான் பலர் புது பாய்லருக்குச் சம்மதிக்கிறார்கள். அப்படிக் கழற்றாமலே, பாய்லருக்குத் திரும்பி வரும் குழாயில் தனியாக ஒரு வெசலைப் பொருத்தலாம். அதற்கும் சேர்த்து எழுத்தில் விலை கேளுங்கள். பாய்லர் மூடியைக் கழற்றுகிறவரிடம் கேஸ் சேஃப் அட்டையை (கேஸ் வேலைக்குப் பதிவு பெற்றவரின் அடையாள அட்டை) கேட்டு வாங்கி, பின்பக்கத்தையும் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் பாய்லரில் சூடானாலும் 1.8-க்கு மேல் போவதில்லை, வெளிக்குழாயும் காய்ந்திருக்கிறது. ஆனாலும் வாரம் ஒருமுறை தண்ணீர் ஏற்ற வேண்டியிருக்கிறது. கசிவு பாய்லரிலா, தரைக்கடியிலா?

பதில்: ஓர் இரவில் தெரிந்துவிடும். பாய்லரை மெயின் சுவிட்சில் அணைத்து நன்றாக ஆறவிடுங்கள். 1.5 பாருக்கு நிரப்பி, ஃபில்லிங் லூப்பின் (தண்ணீர் ஏற்றும் இணைப்புக் குழாய்) இரண்டு வால்வுகளையும் மூடி, முள்ளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாய்லருக்கு அடியில் ரேடியேட்டர்களுக்குப் போகும் குழாயிலும் அங்கிருந்து திரும்பும் குழாயிலும் ஒவ்வொரு வால்வு உண்டு. இரண்டையும் கால் திருப்பு திருப்பி மூடுங்கள். அவை மூடியிருக்கும்போது பாய்லரைப் போடவே கூடாது.

காலையில் முள் இறங்கியிருந்தால் கசிவு பாய்லருக்குள். அப்படியே நின்று, வால்வைத் திறந்ததும் சட்டென்று விழுந்தால் குழாயிலோ ரேடியேட்டரிலோ. பாய்லர்தான் என்று தெரிந்து, அடியில் ஈரமும் இல்லையென்றால் வெள்ளை பிளாஸ்டிக் வடிகுழாயைக் கவனியுங்கள். அணைத்துப் பல மணி நேரமாகியும் அதில் சொட்டினால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கேஸ் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பாகம்) விரிசல் விட்டிருக்கலாம். புது பாய்லர் பற்றிய பேச்சுக்கு நியாயம் இருப்பது இங்கேதான். அதற்கு முன் வாரன்டி தேதியையும் வருடாந்திர சர்வீஸ் பதிவையும் எடுத்து வையுங்கள்.

கசிவு பாய்லருக்கு வெளியே என்றால், மூட்டுகளையும் வால்வுகளையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பார்த்தால் போதும். ஆறிய ரேடியேட்டரில் காலையில் பாருங்கள், சூடாக இருக்கும்போது கசிவு அங்கேயே ஆவியாகிவிடும். செப்பு மூட்டில் பச்சைக் களிம்பு, வெள்ளைப் பெயின்ட்டில் பழுப்புக் கோடு, கார்ப்பெட்டில் வட்டக் கறை ஆகியவை பழைய கசிவின் தடங்கள். அடிக்கடி குற்றவாளியாவது ரேடியேட்டரின் ஒரு முனையில் பிளாஸ்டிக் தொப்பி போட்டிருக்கும் வால்வு. தொப்பியை எடுத்தால் தண்டைச் சுற்றி ஒரு சிறிய நட் தெரியும். வால்வின் உடலை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டை அரைக்கால் திருப்பு மட்டும் இறுக்குங்கள். பலம் காட்டினால் குழாய் திரும்பி, அடி மூட்டும் ஒழுக ஆரம்பிக்கும். ரேடியேட்டரின் அடி ஓரத்தில் பெயின்ட் கொப்பளித்து ஊசித்துளை விழுந்திருந்தால் உள்ளிருந்து துரு தின்றிருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.

கேள்வி: கசிவை அடைக்கும் திரவத்தை ஊற்றலாமா?

பதில்: தரைக்கடியில் மயிரிழைக் கசிவு, உடைக்க வழியில்லை என்றால் ஒருமுறை முயலலாம். வெசல் பழுதை அது தொடக்கூடச் செய்யாது. ஊற்றுமுன் உங்கள் பாய்லர் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். வாரம்தோறும் தண்ணீர் ஏற்றுவதும் தீர்வல்ல: புதுத் தண்ணீரோடு வரும் ஆக்சிஜன் உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். லண்டன் தண்ணீர் கடினநீர் வேறு, சுண்ணாம்பும் சேரும். கசிவை நிறுத்திய பிறகு துருத்தடுப்பு மருந்தைப் புதிதாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஈஸ்ட் ஹாமில் வாடகைக்கு இருக்கிறோம். ரேடியேட்டர் சொட்டி கார்ப்பெட் ஊறிவிட்டது. வீட்டுக்காரர் எங்களையே சரிசெய்யச் சொல்கிறார்.

பதில்: வழக்கமான வீட்டு வாடகை என்றால் அது அவர் பொறுப்பு. 1985-ஆம் ஆண்டின் வீட்டுக்காரர்-வாடகைதாரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, ஹீட்டிங் சாதனங்களைப் பழுதுபார்த்து வைப்பது வீட்டுக்காரர் கடமை என்கிறது. தேதியும் போட்டோவும் சேர்த்து இன்றே எழுத்தில் அனுப்புங்கள். வாடகையை நிறுத்திவைக்காதீர்கள். அதுவரை அந்த ரேடியேட்டரின் இரு முனை வால்வுகளையும் மூடிவிட்டு, அடியில் ஒரு தட்டு வையுங்கள். மற்ற அறைகள் வழக்கம்போல் சூடாகும். "கேஸ் சான்றிதழ் போன மாதம்தான் எடுத்தேன்" என்று அவர் சொன்னால், அந்தப் பரிசோதனை கேஸ் சாதனத்தையும் புகைபோக்கியையும் பார்ப்பது, ரேடியேட்டர் வால்வை அல்ல என்று சொல்லுங்கள்.