துள்ளுற நாய்க்கு வீடு தேடுறவங்க கேட்டவை

தெருவிலிருந்து எடுத்துத் தேற்றிய இளநாயை வேறு வீட்டுக்குக் கொடுப்பது பற்றி மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும், நாய் வளர்ப்பில் பழகிய ஒருவரின் பதில்களும்.

அட்டனிலிருந்து: அண்ணே, பஸ் ஸ்டாண்டுல கெடந்த ஆண் குட்டி. இப்ப ஒரு நிமிஷம் சும்மா இருக்காது, செருப்பு ஒண்ணும் மிஞ்சல. வயசும் தெரியல. என்ன சொல்லிக் குடுக்கிறது?

வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். கோரைப்பல் மாறுவது ஐந்து, ஆறு மாதத்தில். ஏழு மாதமளவில் 42 பற்களும் நிரம்பிவிடும். பல் நிரம்பி, கறையில்லாமல் பளிச்சென்று இருந்தால் ஒரு வயதுக்கு முன்பின் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வயதில் கடித்துக் குதறுவது குணக்கேடு அல்ல, செலவாகாத தெம்பு. பெரும்பாலான நாய்கள் இரண்டு வயதை நெருங்கும்போது அடங்கும்.

கேட்டு வருகிறவரிடம் "ரொம்ப சமத்து" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "காலையும் மாலையும் நடத்தாவிட்டால் வீட்டையே பிரட்டிப் போடும்" என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு ஒதுங்குகிறவர் ஒதுங்கட்டும், திரும்பி வரப்போகும் நாய் ஒன்று குறையும். கோழியைக் கண்டால் என்ன செய்யும், சாப்பிடும்போது கை வைத்தால் உறுமுமா, இடிக்கும் பட்டாசுக்கும் ஓடுமா, சின்னப் பிள்ளைகள் மேல் பாயுமா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி ஊசி அட்டையோடு கொடுங்கள்.

கொடுப்பதற்கு முன் பாய்வதை மட்டுமாவது குறைத்து வையுங்கள். பாயும்போது திட்டினாலும் தள்ளினாலும் அதற்கு விளையாட்டுத்தான். முதுகைத் திருப்பி நில்லுங்கள், நாலு காலும் தரையில் பட்ட உடனே ஒரு துண்டு அவித்த கோழி. ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்யாவிட்டால் பலிக்காது.

தலவாக்கலையிலிருந்து: லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, இருக்கிற ஒரு குடும்பம் கேக்குது. குடுக்கலாமாங்க?

லயம் என்பதற்காக மறுக்க வேண்டாம். அந்த வீட்டின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். கணவன் மனைவி இருவரும் காலையில் தோட்ட வேலைக்கு மலைக்குப் போய், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், பின்னேரம் வரை நாய் இஸ்தோப்பு (முன் திண்ணை) தூணில் கட்டிக் கிடக்குமென்றால் வேண்டாம். அப்படிக் கட்டிக் கிடக்கும் இளநாய் முதலில் குரைக்கும், பிறகு சங்கிலிக்கு எட்டுகிறவரை எல்லாம் கடிக்கப் பார்க்கும். வீட்டில் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால் கதை வேறு. ஒரே சுவர் என்பதால் பக்கத்துக் காம்பராக்காரரிடமும் (அடுத்த அறை வீட்டாரிடமும்) கேளுங்கள்; குரைக்கிற சத்தமும் அவர்கள் கோழியுந்தான் பின்னால் சண்டையாகும்.

கட்டுகிற இடத்தைப் போய்க் கண்ணால் பாருங்கள். லயங்கள் மேட்டை வெட்டித்தான் கட்டியிருக்கும், வாசல் முடிகிற இடத்தில் பள்ளம். சங்கிலி அந்த விளிம்பைத் தாண்டும் நீளமாகவும், கீழே தரையைத் தொடாத நீளமாகவும் இருந்தால், துள்ளிக் குதிக்கும் நாய் தொங்கிச் செத்துவிடும். விளிம்புக்கு ஒரு மீற்றர் முன்னாலேயே சங்கிலி முடிய வேண்டும். இரண்டு கம்பங்களுக்கிடையே கம்பி இழுத்து வளையத்தில் ஓடவிடுவது நல்லது. கம்பத்தைச் சுற்றிக்கொள்ளாதபடி இரு முனையிலும் ஒரு மீற்றருக்கு முன் தடுப்பு முடிச்சுப் போடுங்கள்.

இரவில் வெளியே கட்டவே கூடாது. தேயிலைக்குள் நடமாடும் சிறுத்தைக்கு நாய் லேசான இரை. நாயைத் தேடி லயத்துக்கு வரப் பழகிய சிறுத்தைக்கும் நல்ல முடிவு வருவதில்லை. குசினிக்குள் (சமையலறைக்குள்) படுக்கட்டும்.

இராகலையிலிருந்து: மரக்கறித் தோட்டக்காரர் ஒருத்தர் காவலுக்குக் கேக்கிறார்.

தனியாகக் கொட்டிலில் கட்டிப்போடத்தான் என்றால் கொடுக்காதீர்கள். ஆளைக் கண்டு வாலாட்டி ஓடும் நாய் காவலுக்கு உதவாது. அவிழ்த்துவிட்டால் நத்தைக்கு வைத்த மருந்தைத் தின்னும், மருந்து கலக்கிய வாளியில் வாய் வைக்கும், பன்றிக்குப் போட்ட சுருக்குக் கம்பியில் மாட்டும்.

பண்டாரவளையிலிருந்து: பொட்டை நாய், ஏழு மாசம். ஊசி, ஒப்பரேஷன் எல்லாம் எடுக்கிறவங்களே பாத்துக்குவாங்களாம். சரியா?

ஒப்பரேஷனை நீங்களே முடித்துக் கொடுங்கள். "அப்புறம் செய்றோம்" என்பது பெரும்பாலும் நடக்காது. முதல் சூடு எந்த நேரமும் வரலாம், சினையானால் 63 நாளில் குட்டி, அதுவும் கடைசியில் சந்தியிலோ கோயில் வாசலிலோ கிடக்கும். முந்திய இரவோடு சாப்பாட்டை நிறுத்துவது பற்றி மிருக வைத்தியர் சொல்கிறபடி செய்யுங்கள். காயம் ஆற 10 முதல் 14 நாள். துள்ளுகிற நாய் தையலை நக்கிப் பிரித்துவிடும், ஆகவே கழுத்துக் கூம்பு கட்டாயம். தையல் ஆறிய பிறகே கைமாற்றுங்கள்.

விசர்நாய் தடுப்பூசி மூன்று மாதத்தில் தொடக்கம், பிறகு அட்டையில் எழுதிய திகதிப்படி. சுகாதாரத் துறை அதை இலவசமாகப் போடுகிறது. பார்வோ (குட்டிகளுக்கு வரும் கடும் வயிற்றோட்ட நோய்) ஊசி அதில் சேராது. அது தனி, மிருக வைத்தியரிடம் போட வேண்டும்.

மஸ்கெலியாவிலிருந்து: பாக்க வந்தவங்க பிள்ளைய விளையாட்டுக்குக் கவ்விருச்சு, லேசா ரத்தம். நாய்க்கு ஊசி போட்டிருக்கு.

ஊசி போட்டிருந்தாலும் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரி. மஞ்சளும் சுண்ணாம்பும் பூச வேண்டாம். நாயை 14 நாள் உங்கள் கண்பார்வையிலேயே வையுங்கள், அதற்குள் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

நாவலப்பிட்டியிலிருந்து: நுவரெலியாவுக்குக் குடுக்கிறோம். கொண்டு போறப்போ என்ன கவனிக்கணும்?

இறம்பொடைப் பக்க வளைவுகளில் வாந்தி எடுக்கும். கிளம்புவதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள், தண்ணீர் மட்டும் கொஞ்சம். கழுத்துப் பட்டியில் ஒரு கயிறு, மார்புப் பட்டியில் இன்னொரு கயிறு, இரண்டும் கையில். பயந்து பின்னால் இழுக்கும் நாய் கழுத்துப் பட்டியிலிருந்து தலையை உருவிக்கொள்ளும். பட்டிக்குள் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் தளர்வு வேண்டாம். புதிய வீட்டாரின் தொலைபேசி எண்ணை முதல் நாளே பட்டியில் எழுதிவிடுங்கள்.

அது படுத்த சாக்கைத் துவைக்காமல் அப்படியே கொண்டு போங்கள், வாசம் போய்விடக் கூடாது. நாவலப்பிட்டி நாய்க்கு நுவரெலியா இரவுக் குளிர் தாங்காது, சீமெந்துத் தரையில் விடாமல் பலகை போட்டு அதன் மேல் சாக்கு. சாப்பாட்டை ஒரு கிழமை மாற்ற வேண்டாம், மாற்றினால் வயிற்றோட்டம்.

முதல் மூன்று நாள் ஒளிந்து கிடக்கும், அல்லது சாப்பிடாது. மூன்று கிழமையில்தான் சுயரூபம் காட்டும். "போன கிழமை நல்லாத்தான் இருந்துச்சு, இப்பதான் சேட்டை" என்று அழைப்பு வருவது அப்போதுதான். இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மழை விடாத நாளில் நடக்க முடியாதே என்றால், சோற்றுக் கவளத்தைப் பழைய துவாயில் உருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். பிரித்துத் தின்ன அரை மணி நேரமாவது போகும்.

அதே வாசகர்: அங்க போய் ஓடிட்டா?

துரத்தினால் இன்னும் தூரம் போகும். கடைசியாகக் கண்ட இடத்தில் அந்தச் சாக்கையும் கொஞ்சம் சாப்பாட்டையும் வைத்து, விடியலிலும் மாலையிலும் நீங்களே போய்க் குந்தியிருந்து வழக்கமான குரலில் கூப்பிடுங்கள். ஆகையால் கொடுத்த பிறகு ஒரு மாதமாவது உங்கள் எண்ணை மாற்றாதீர்கள். வளர்க்க முடியாமல் போனால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்பதையும் ஊசி அட்டையோடு கொடுக்கும் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.