உதகை: தோடர் சால்வை படத்தில் சாம்பலாக, நீலமாக விழுகிறது

நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் வெளிர்நிறச் சால்வையைப் போனில் எடுத்தால் சாம்பலாக, நீலமாக விழுகிறது, புதுப் போன் வாங்க வேண்டுமா என்று உதகையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். புதுப் போன் தேவையில்லை. திரையில் சால்வையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். அப்புறம் பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே நகர்த்துங்கள். படம் முழுக்க வெளிர்நிறத் துணி இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று எண்ணி கேமரா தானே இருட்டாக்கிவிடும். சாம்பல் நிறம் அதனால்தான்.

நீலச் சாயல் வேறு விஷயம். மூடுபனி நாளில் ஜன்னல் வெளிச்சமே நீலம் கலந்து வரும். நீங்கள் மஞ்சள் பல்பும் போட்டு எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் எந்த நிறமும் நிற்காது. பல்பை அணைத்துவிடுங்கள். கேமராவில் புரோ மோடு (அமைப்புகளை நாமே மாற்றும் வசதி) இருந்தால், நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 6500 கெல்வினில் தொடங்கி, நீலம் போகும்வரை மெல்ல ஏற்றுங்கள்.

சரியா என்று பார்க்க, சால்வையருகே வெள்ளைத் தாள் வைத்து ஒரு படம் எடுங்கள். தாள் வெள்ளையாகவும், துணி அதைவிடச் சற்றுப் பழுப்பாகவும் தெரிய வேண்டும்.

ஆனால் வெளிச்சத்தை அளவுக்கு மீறிக் கூட்டாதீர்கள், இழை மறைந்துவிடும். தோடர் பூத்தையல் இழை எண்ணிப் போடும் கைவேலை, 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. சிவப்பு, கறுப்பு நூல் வேலையைக் கிட்டே போய்த் தனியாக எடுங்கள். மறுபக்கத்தையும் கட்டாயம் காட்டுங்கள். அச்சடித்த போலித் துணியின் மறுபக்கத்தில் அந்த நூல் வேலை இருக்காது.